ஒன்பதாம் வகுப்புக்குப் பைத்தான்: போர்டில் புரிகிறது, கீபோர்டில் கை நிற்கிறது

வகுப்பு_9ஆ கேட்டது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு, 38 பேர். நிரல் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட், தலா 40 நிமிடம். லேபில் உருப்படியாக ஓடுவது 16 கம்ப்யூட்டர். இணையம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொழி பைத்தான் என்பது முடிவாகிவிட்டது.

போர்டில் எழுதிக் காட்டினால் எல்லாத் தலையும் ஆடுகிறது. "சரி, 1 முதல் 10 வரை கூட்டுங்கள்" என்று விட்டால் பாதிப் பேருக்கு முதல் வரியே வருவதில்லை. வந்த மீதியும் ஒருவர் எழுதியதை ஐந்து பேர் பார்த்து அடித்ததுதான்.

எதை முதலில் சொல்லித்தருவது? ஸ்கிராட்ச்சில் (கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் மொழி) ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் பைத்தானுக்கு வரலாமா? 16 கம்ப்யூட்டரில் 38 பேரை எப்படி உட்கார வைப்பது?

தடம்_பார்:

சிக்கல் அந்த வெறும் திரையில்தான் இருக்கிறது. வாசிக்கப் பழகாத மொழியில் கட்டுரை எழுதச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது. முதல் ஐந்தாறு வாரம் எழுதுவதைக் குறைத்து வாசிக்க வையுங்கள். சூ சென்டன்ஸ் என்ற கல்வி ஆய்வாளரும் அவர் குழுவினரும் வகுத்த 'பிரிம்' முறையின் வரிசை இதுதான்: ஊகி, ஓட்டிப் பார், துருவு, மாற்று, உருவாக்கு. சொந்தமாக எழுதுவது கடைசியில்தான் வருகிறது.

முதல் பீரியடுக்கு இந்த நாலு வரி போதும். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். மாறியின் பெயர் மட்டும், அதாவது ஒரு மதிப்பைக் குறிக்க நாம் வைக்கும் பெயர், தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.)

அ = 5
ஆ = அ
அ = 7
பிரிண்ட்(ஆ)

கம்ப்யூட்டரைத் தொடும் முன் விடையைத் தாளில் எழுதி வாங்குங்கள். சரியான விடை 5. 7 என்று எழுதுபவர் கணிதப் பாடத்தின் சமக்குறியை அப்படியே இங்கே தூக்கி வந்திருக்கிறார்: இரண்டும் சமம், ஆகவே ஒன்று மாறினால் மற்றதும் மாறும் என்ற கணக்கு. அதனால் வகுப்பில் இந்தக் குறியை யாரும் 'சமம்' என்று வாசிக்கக் கூடாது, நீங்கள் உட்பட. "வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் எழுது" என்று வாயால் சொல்லிப் பழக்குங்கள்.

மாறியைப் 'பெட்டி' என்று சொல்வதையும் விட்டுவிடலாம். பெட்டி என்றால், அ-வில் இருந்ததை எடுத்து ஆ-வில் போட்டதும் அ காலியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டு மதிப்பு இருக்கலாம் என்றும் நினைக்கிறார்கள். சிலேட்டு என்று சொன்னால் இந்தக் குழப்பம் இரண்டும் இல்லை. பார்த்து எழுதினால் மூலம் அழியாது, புதிதாக எழுத வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் லிஸ்ட் வரும்போது இந்த உவமையும் காலை வாரும். அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.)

அடுத்து லூப், அதாவது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. நீங்கள் எழுதச் சொன்ன அதே கணக்கை, சிறிதாக, எழுதியே கொடுங்கள்:

மொத்தம் = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 5):
    மொத்தம் = மொத்தம் + எண்
பிரிண்ட்(மொத்தம்)

தாளில் ஒரு தட அட்டவணை, அதில் இரண்டு பத்தி: 'எண்', 'மொத்தம்'. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. தொடங்கும்போது மொத்தம் 0, பிறகு 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6, 4க்கு 10. விடை 10. இதில் எனக்குச் சரியான விடையைவிடத் தவறான விடைகள்தான் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு நோயைக் காட்டும். 15 என்றால் ரேஞ்ச் கடைசி எண்ணையும் சேர்த்துக்கொள்கிறது என்ற நினைப்பு. 4 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் 0-க்குத் திரும்புவதாக நினைக்கிறார். 1, 3, 6, 10 என்று நாலு வரி எழுதினால் பிரிண்ட் லூப்புக்கு உள்ளே இருப்பதாக வாசித்திருக்கிறார், அதாவது உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) கண்ணில் படவில்லை. 38 தாளையும் இப்படி நாலு அடுக்காகப் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த பீரியடில் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் மேசை மேலேயே இருக்கும்.

இன்னொன்று. 'மொத்தம்' என்று பெயர் வைத்ததால்தான் அது கூட்டுகிறது என்று நம்புகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் நம் எண்ணத்தைப் புரிந்துகொள்கிற ஒரு மனசு ஒளிந்திருப்பதாக மாணவர்கள் நினைப்பதை ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-லேயே எழுதியிருக்கிறார். மருந்து எளிது. மொத்தம் என்று வருகிற இடத்திலெல்லாம் 'பூனை' என்று மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் 10தான் வரும்.

இந்த நிலைக்கு வந்தபின் "மாற்று" வேலை கொடுங்கள்: 1 முதல் 10 வரை கூட்டு, இரட்டைப்படை மட்டும் கூட்டு, கூட்டுவதற்குப் பதில் பெருக்கு. பெருக்கலில் தொடக்க மதிப்பை 0 என்றே விட்டுவிடுவார்கள், விடை 0 வரும். ஏன் என்று அட்டவணை போட்டால் முதல் சுற்றிலேயே பிடிபடும். நீங்கள் சொல்லவே வேண்டாம்.

ஆமை_360:

தட அட்டவணை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாறு வாரம் தாளும் எண்ணுமாகவே ஓட்டினால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதோடு, எண்ணில் வரும் தவறு மாணவர் கண்ணுக்கே தெரியாது. 15 வந்தாலும் 10 வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். படத்தில் வரும் தவறு அப்படித் தப்பாது. பைத்தானோடு சேர்ந்தே வருகிற, திரையில் ஒரு ஆமையை நகர்த்திக் கோடு போடும் டர்ட்டில் தொகுதியை முதல் வாரத்திலேயே எடுங்கள். இணையம் வேண்டாம், தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். 1967-இல் லோகோ மொழியோடு தொடங்கிய அதே யோசனைதான்.

சதுரம்: முன்னே 100, வலப்பக்கம் 90, நாலு தடவை. முதலில் எட்டு வரியாக எழுதட்டும். கை வலித்தபின் லூப்பைக் காட்டுங்கள். அடுத்து முக்கோணம் என்றதும் வகுப்பே 60 போடும், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணிதத்தில் படித்திருக்கிறார்கள். ஆமை போட்ட கோடு மூன்று பக்கமும் மூடாமல், அறுகோணத்தின் பாதியாய் வாய் திறந்து நிற்கும். அந்த இடத்தில் எல்லோரையும் எழுப்பி நடக்க விடுங்கள். மூலையில் ஆமை திரும்புவது வெளிக்கோணம், 180இல் 60 போக 120. இதிலிருந்து 360 ஐப் பக்க எண்ணிக்கையால் வகுக்கலாம் என்பதற்கு அவர்களே வந்துவிடுவார்கள். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144 என்று சொல்லாதீர்கள், தேடட்டும்.

ஸ்கிராட்ச் பற்றி: மொழி பைத்தான்தான் என்றால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாதம் அதற்குக் கொடுக்க மாட்டேன். ஸ்கிராட்ச்சில் கற்றது தானாகப் பைத்தானுக்கு வந்து சேர்ந்துவிடாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் சேரும். ஏற்கெனவே ஸ்கிராட்ச் தெரிந்தவர்கள் இருந்தால், லூப் கட்டை வாயைத் திறந்து மற்றக் கட்டைகளைக் கவ்வுகிறதே, அந்த வாய்தான் பைத்தானில் உள்தள்ளல் என்று ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். அது போதும். தவிர, ஸ்கிராட்ச் 3 செயலிக்கு விண்டோஸ் 10 வேண்டும். உங்கள் 16இல் எத்தனை தேறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள்_கட்டு:

லேப் கணக்கை மட்டும் சொல்கிறேன். 16 × 2 = 32. மீதி 6 பேர். இவர்களை மூன்றாவது ஆளாக எங்கும் சொருகாதீர்கள், மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். ஆறு பேரையும் மூன்று ஜோடியாகப் பெரிய மேசையில் உட்கார வைத்துச் சீட்டு வேலை கொடுங்கள். 7, 8 வரி நிரலை வரிக்கு ஒரு சீட்டாக வெட்டிக் கலைத்துக் கொடுப்பது. 2006-இல் டேல் பார்சன்ஸும் பட்ரீசியா ஹேடனும் எழுதியதிலிருந்து இதற்குப் 'பார்சன்ஸ் புதிர்' என்றே பெயர். வேண்டாத சீட்டு இரண்டைச் சேர்த்து வையுங்கள், உதாரணமாக தொடக்க மதிப்பு 0 என்று ஒன்று, 1 என்று ஒன்று. சீட்டை நகர்த்தி உள்தள்ளலையும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் நேர்கோட்டில் அடுக்கிவிட்டு 'முடிந்தது' என்பார்கள். முறை வைத்தால் ஒருவருக்கு ஆறேழு பீரியடுக்கு ஒரு தடவைதான் இந்த மேசை வரும்.

ஜோடியில் ஒருவர் அடிப்பார், ஒருவர் சொல்வார். சொல்பவர் கீபோர்டையோ மவுஸையோ தொடக் கூடாது. 7 நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும், போர்டில் பெரிய கடிகாரம் ஒன்று ஓடட்டும். முதலில் அடிப்பவர் எப்போதும் தயக்கம் உள்ளவராக இருக்கட்டும். வேகமானவர் முதலில் உட்கார்ந்தால் 7 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு நிமிர்வார்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: வாசலிலேயே தாள் கொடுத்து ஊகம் 6 நிமிடம், ஓட்டிப் பார்த்துத் துருவுதல் 10, மாற்று வேலை 18, சேமித்து மூடி எழுந்திருக்க 6. கடைசி 6 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். சேமிக்காமல் போன ஜோடி அடுத்த பீரியடில் 15 நிமிடத்தைத் தின்னும்.

மென்பொருள்: தானி, நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் செயலி. பைத்தானை உள்ளே வைத்தே வருகிறது, பென் டிரைவில் கொண்டுபோய் 16இலும் போட்டுவிடலாம். எஃப்5 அழுத்தினால் ஓடும். கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால் நிறுத்தி நிறுத்தி ஓடும். பிறகு எஃப்7 ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அடி எடுத்துவைத்து, கூட்டலின் எந்தப் பகுதி எந்த எண்ணாக மாறுகிறது என்பதுவரை காட்டும். மாறிகள் பலகையை வியூ மெனுவில் திறந்து வையுங்கள், தடம்_பார் சொன்ன அட்டவணை அங்கே உயிரோடு ஓடும். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8க்கு மேல் ஏறாது. அதற்கேற்ற பதிப்பை எடுத்து, முடிந்தால் 16இலும் ஒரே பதிப்பாகப் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எரர் வாசகம் மாறும், ஒரே தவறுக்கு இரண்டு ஜோடிக்கு இரண்டு விதமாக வந்தால் உங்கள் கால் ஓயாது.

வகுப்பு_9ஆ:

மிக்க நன்றி. சீட்டு வேலை உடனே செய்யக்கூடியது. ஒரு துணைக்கேள்வி: சிவப்பு எழுத்தில் எரர் வந்ததும் 16 ஜோடியும் ஒரே நேரத்தில் கையைத் தூக்குகிறார்கள். எந்தெந்தத் தவறு அடிக்கடி வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு தாள் அடித்துச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

எரர்_வாசிப்பவர்:

சுவரில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: எரரைக் கீழிருந்து வாசி. பைத்தானில் என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே. மேலிருந்து வாசிக்கத் தொடங்கிய பிள்ளை இரண்டாவது வரியில் மிரண்டு கையைத் தூக்கும். கை தூக்கும் முன் கடைசி வரியையும் வரி எண்ணையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். எழுதும்போதே பாதிக் கை இறங்கிவிடும்.

சிண்டாக்ஸ் எரர் (எழுதிய விதத்தில் பிழை) காட்டுகிற வரியில் தவறே இல்லை என்றால் மேல் வரியைப் பார்க்க வேண்டும். அங்கே மூடாத அடைப்புக்குறி இருக்கும். 3.10க்கு முந்தைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும், புதியவை 'இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்றே சொல்லிவிடும்.

உங்களாலேயே வரக்கூடிய ஒரு தவறு: கேள்வித்தாளை வேர்டில் அடித்து, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது. வேர்டு நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், பைத்தானுக்கு அது மேற்கோள் குறியே அல்ல. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பிள்ளைகள் அரை மணி நேரம் தேடுவார்கள். நிரலை எப்போதும் சாதாரண உரைக் கோப்பாகவே கொடுங்கள்.

ஆமை_360 சொன்னதைச் செய்யும்போது ஒரு கண்ணி இருக்கிறது. முதல் கோப்புக்கு எல்லோரும் 'டர்ட்டில்' என்றே பெயர் வைப்பார்கள். பிறகு தொகுதியை இம்போர்ட் செய்தால் பைத்தான் அதே ஃபோல்டரில் இருக்கும் அவர்கள் கோப்பைத்தான் முதலில் எடுக்கும், உள்ளே எதுவும் இல்லை என்று கத்தும். தற்செயல் எண் தரும் ரேண்டம் தொகுதிக்கும் இதே கதை. பெயரை மாற்றினால் சரி.

இனி, எரரே காட்டாத தவறுகள். எனக்கு இவைதான் பெரிய தலைவலி. கீபோர்டில் அடிப்பதை வாங்கும் இன்புட் கொண்டுவருவது எப்போதும் எழுத்துச் சரம்தான், எண்ணை அடித்தாலும் சரி. 12-ஐயும் 3-ஐயும் வாங்கிக் கூட்டினால் 123 வரும். வாங்கிய 12-ஐ 3ஆல் பெருக்கினால் 121212. இதையாவது பார்த்ததும் சிரித்துப் பிடித்துவிடுவார்கள். ஒப்பிடும்போது பிடிபடாது: சரங்களாக 9-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டால் 9தான் பெரியது என்று வரும், முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிடுவதால். எண் ஊகிக்கும் விளையாட்டில் கணினி நினைத்த எண்ணையும் சரமாக மாற்றி வைத்திருந்தால், நிரல் பாதி நேரம் சரியாகவே நடப்பதுபோல் நடிக்கும்.

மற்றொன்று, 'விடை ஆம் அல்லது சரி என்றால்' என்பதைப் பேசுகிறபடியே எழுதுவது: இஃப் விடை == "ஆம்" ஆர் "சரி". இது எப்போதும் உண்மை. "சரி" என்ற காலியில்லாத சரம் தனியாக நின்றாலே பைத்தானுக்கு அது உண்மைதான். ஆர்-க்கு இரண்டு பக்கமும் முழு ஒப்பீடு வேண்டும் என்பதைச் சுவரில் எழுதுங்கள்.

செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) வந்ததும் பிரிண்டையும் ரிட்டர்னையும் ஒன்றென்று நினைப்பார்கள். திரையில் எண் தெரிகிறது, ஆனால் அதை வைத்து அடுத்த கணக்குப் போட்டால் 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) வந்து நிற்கும். பிரிண்ட் மனிதருக்குக் காட்டுவது, ரிட்டர்ன் அழைத்த இடத்துக்குக் கொடுப்பது. வகுப்பில் செயற்கூறுக்குள் பிரிண்டே போடாமல் ஒரு வாரம் ஓட்டினால் இது தெளியும்.

முடிவில்லாத லூப்புக்குக் கன்ட்ரோல்-சி. இதை வொயில் (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடும் லூப்) நடத்தும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்துவார்கள்.

தடம்_பார்:

மதிப்பெண் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அதுதான் எல்லாவற்றையும் திருப்புவது. வீட்டுக்கு 'நிரல் எழுதி வா' என்று கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு எழுதியது வந்து சேரும், பிழையே இல்லாமல். அதைக் கண்டுபிடிக்க நேரம் செலவிடாதீர்கள். மதிப்பெண்ணில் பாதியை வகுப்பில் நடக்கும் தட அட்டவணைக்கும், கொடுத்த நிரலில் ஒளித்த மூன்று தவறைக் கண்டுபிடிப்பதற்கும் ஒதுக்குங்கள். மீதியில், மாணவர் கொண்டுவந்த சொந்த நிரலில் நீங்கள் ஒரு மாற்றம் சொல்லி, உங்கள் எதிரில் 5 நிமிடத்தில் செய்யச் சொல்லுங்கள். '1 முதல் 100க்குள் ஊகிக்கும் விளையாட்டில் 7 வாய்ப்புக்குப் பின் நிறுத்து' என்பது போன்ற சின்ன மாற்றம். எழுதியவருக்கு இரண்டு வரி, எழுதாதவருக்கு எங்கே கை வைப்பதென்றே தெரியாது. (அந்த 7 தற்செயல் இல்லை. ஒவ்வொரு முறையும் பாதியாக்கினால் 100க்கு 7 ஊகம் போதும், 1000க்கு 10. ஏன் என்று ஒரு பீரியட் பேசலாம்.)

வகுப்பு_9ஆ:

இதையும் செய்கிறேன். கடைசியாக ஒன்று. மூன்று பேருக்கு ஏற்கெனவே பைத்தான் தெரியும். எல்லாவற்றையும் 5 நிமிடத்தில் முடித்துவிட்டு அக்கம்பக்கத்தில் வேலையைப் பிடுங்குகிறார்கள்.

புள்ளி_வைத்தவர்:

அவர்களுக்குத் தமிழ்ச் சரத்தைக் கொடுங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் கொண்டு கேட்டால் 5 என்று வரும். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறை ஐந்தாகச் சேமிப்பதால் வருவது இது. அதையே திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து அநாதையாக நிற்கும், ம-வின் இகரம் ழ-வில் ஏறி 'ழிமத' என்று வரும்.

வேலை: கண் எண்ணுகிறபடியே எழுத்தை எண்ணும் செயற்கூறு எழுதுவது. ஆர்ட் என்ற கட்டளை ஒவ்வொரு குறியின் எண்ணைத் தரும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006 முதல் 3021 வரையிலான எண்களுக்குள் இருக்கின்றன, அவற்றை எண்ணாமல் விட்டால் 'தமிழ்' 3 ஆகிவிடும். 'அஃது' சரியாகவே 3 வரும், ஆய்தம் அந்த வரம்புக்கு வெளியே இருப்பதால். முடித்துவிட்டோம் என்று வரும்போது 'ஸ்ரீ' கொடுங்கள், நிரல் 2 என்று சொல்லும்.

அதையும் சரிசெய்துவிட்டால், 'கொ' என்பதை இரண்டு விதமாக அடித்துக் கொடுத்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, பைத்தான் ஒன்றல்ல என்று சொல்லும். விடை யூனிகோடுடேட்டா தொகுதியில் இருக்கும் நார்மலைஸில், அதாவது இரண்டு வடிவையும் ஒரே வடிவாக்கும் கட்டளையில், இருக்கிறது. இணையம் இல்லாத லேபில் ஹெல்ப் கட்டளையை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க அந்த மூவருக்கும் இரண்டு பீரியடாவது பிடிக்கும்.